கேன்டீன் சுவரில் ஏழு கிளவுஸ்

ஹெலன் எடுத்த படத்தை நான் திருடவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரவணகுமார் சார் ஒட்டிய நோட்டீசிலேயே தெளிவாக இருந்தது, எதிலிருந்து வேண்டுமானாலும் இன்ஸ்பிரேஷன் எடுத்துக்கொள்ளலாம் என்று. நான் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அப்புறம் ஏன் உனக்கு ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை என்று கேட்டால், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் பெயர் பாக்கியராஜ். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பதினெட்டு வருஷமாக ஒரே கம்பெனியில் வேலை. கார் பம்புக்கு அலுமினிய மூடி வார்க்கிறோம். எனக்கு ரீவொர்க் டேபிள். வார்த்து வரும் மூடியில் பிசிறோ மேடோ கீறலோ இருந்தால், குவாலிட்டிக்காரர்கள் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி எங்கள் டேபிளுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அரம் போட்டு, தேய்த்து, வழவழவென்று ஆக்கி, ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டுவிட்டு அனுப்புவோம். பதினெட்டு வருஷம் இதையே செய்தால் கை சும்மா இருக்காது. வீட்டில் தோசை கொஞ்சம் கோணலாக வந்தால்கூட ஓரத்தைக் கிள்ளி வட்டமாக்கிவிட்டுத்தான் வாயில் வைப்பேன். என் பெண்டாட்டி செண்பகம் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆனால் நான் வெறும் ரீவொர்க் ஆள் இல்லை. கம்பெனியில் எல்லாருக்கும் நான் ஆர்ட்டிஸ்ட். பாதுகாப்பு வாரத்துக்கு போஸ்டர், ஆயுத பூஜைக்குத் தரையில் கலர் ஓவியம், கிறிஸ்துமசுக்குக் குடில் பின்னால் வானம், எல்லாம் என் கைதான். போஸ்டர் போட்டியில் ஏழு வருஷம் தொடர்ந்து எனக்குத்தான் முதல் பரிசு. ஏழு வருஷமும் ஹாட் பாக்ஸ்தான் கொடுத்தார்கள், அது வேறு விஷயம். எனக்கு வருத்தம் எதிலென்றால், வாரம் முடிந்ததும் போஸ்டரைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். ஒரு தடவை ஸ்கிராப் குவியல் பக்கம் போனேன். நான் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்த அன்னப்பறவை மழையில் ஊறி, பாதி கழுத்தோடு கிடந்தது. என் பெயர் இருந்த மூலையைக் காணவே காணோம்.

அதனால்தான் அந்த நோட்டீசைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். புதுசாகக் கட்டிய கேன்டீனில் கிழக்குப் பக்கச் சுவர் இருபத்திரண்டு அடி நீளம். தொழிலாளிகளில் யாராவது நல்ல மாதிரி வரைந்து கொடுத்தால் அவர்களே அதில் வரையலாம். இல்லாவிட்டால் சென்னையிலிருந்து ஆள் வந்து ரெடிமேட் படம் ஒட்டிவிட்டுப் போவார்கள். கடைசி வரியில், "வரைபவரின் பெயர் சுவரில் நிரந்தரமாக இடம்பெறும்" என்று போட்டிருந்தது. அந்த 'நிரந்தரமாக' என்ற சொல்லை மட்டும் நான்கு தடவை படித்தேன். இந்தச் சுவர் எனக்கு வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டேன்.

மலை, சூரியன், ஏரி, ஏரியில் ஒரு பறவை என்று மாதிரி வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். சரவணகுமார் சார் எங்கள் ஹெச்.ஆர். நல்ல மனிதர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாக்கியராஜ், இது போன வருஷம் போட்டதுதானே?"

"அது அன்னம் சார். இது கொக்கு."

"நம்ம கம்பெனில கொக்கு எங்கப்பா இருக்கு?" என்றார். "ஹெலன் எடுக்கிற போட்டோவைப் பாருங்க. எல்லாம் நம்ம சாமான், ஆனா பாக்கவே எப்டி இருக்கு. அந்த மாதிரி ஏதாவது யோசிங்க."

காதில் புகை வந்தது எனக்கு.

ஹெலன் யார் என்று சொல்லிவிடுகிறேன். குவாலிட்டியில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. பொன்னேரியிலிருந்து ரயிலில் வருவாள். என் டேபிளுக்கு வரும் சிவப்பு அம்பில் பாதி அவள் ஒட்டியது. எங்கள் கம்பெனியில் போன் உள்ளே கொண்டு போக முடியாது, கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். குவாலிட்டிக்கு மட்டும் ஒரு கேமரா உண்டு. குறையுள்ள மூடியை வெள்ளைத் தாளில் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்து ரிப்போர்ட்டில் சேர்ப்பார்கள். அதுதான் அவள் வேலை. அந்த வேலையோடு விட்டிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. சாப்பாட்டு நேரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அதே மாதிரி எடுக்க ஆரம்பித்தாள். மூன்று டிபன் பாக்ஸ் மூடி. நாடா அவிழ்ந்த ஒரு சேஃப்டி ஷூ. டீ குடித்துவிட்டு வைத்த நாலு கிளாஸ், அதில் ஒன்றில் மட்டும் கொஞ்சம் மிச்சம். மேனேஜர் பார்த்துப் பாராட்டி, அதையெல்லாம் கலரில் பிரிண்ட் போட்டு கேன்டீன் நோட்டீஸ் போர்டில் குத்தச் சொல்லிவிட்டார்.

கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தார்கள். என் போஸ்டரை ஒருநாளும் இப்படி நின்று பார்த்ததில்லை. கேன்டீனில் பரிமாறும் மேரியக்கா கரண்டியோடு வந்து நின்று, "நம்ம கழுவிப் போடற கிளாஸுதான். ஆனா இன்னா அழகா கீது பாரு" என்றாள். அழகாம். டீ கிளாஸில் என்ன அழகு இருக்கிறது? பொறாமைதான், வேறு பெயர் வைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளிடமே கேட்டுவிட்டேன். கை கழுவும் இடத்தில் கேமராவை வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தாள்.

"இன்னா ஹெலனு, பட்டன அமுக்குனா படம் வருது. இதுக்கு இவ்ளோ பேஜாரா?"

"ஆமாண்ணா, பட்டன்தான்" என்றாள். சுருக்கென்று பட்ட மாதிரியே தெரியவில்லை. "வெளிச்சம் நம்ம பக்கம் வர்ற வரைக்கும் நின்னுகினே இருக்கணும். அத்தான் கொஞ்சம் பேஜாரு."

பதிலுக்குச் சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். இப்படிப் பேசினால் நான் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும், நாமும் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று சோழவரத்தில் எங்கள் வீட்டு மேஜையில் ஒரு சொம்பு, இரண்டு வெங்காயம், செண்பகத்தின் கண்ணாடி எல்லாம் வைத்து போனில் இருபது படம் எடுத்தேன். செண்பகம் எட்டிப் பார்த்தாள்.

"இத்த யாருக்கு விக்கப் போற?" என்றாள்.

பழைய சாமான் விற்கப் போட்ட படம் மாதிரியேதான் இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

அடுத்த வாரம் போர்டில் அந்தப் படம் வந்தது.

அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் கிளவுசைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மாதம் இரண்டு ஜோடி காட்டன் கிளவுஸ் தருவார்கள். அழுக்கானால் நாங்களே சாப்பாட்டு நேரத்தில் கழுவி, கை கழுவும் இடத்து ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டு மாட்டுவோம். யாருடையது எது என்று தெரிய மணிக்கட்டுப் பக்கம் ஆளுக்கொரு கலரில் நூல் தைத்துக்கொள்வோம். என்னுடையது நீலம். எனக்குப் பக்கத்து டேபிளில் உட்காரும் சடையப்பனுடையது மஞ்சள்.

சடையப்பன் பள்ளிப்பட்டு பக்கத்து ஆள். பதினோரு வருஷமாக எனக்குப் பக்கத்தில் வேலை. சோழவரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு. கம்பெனி பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் ஒரே சீட். இடது கையில் சுண்டு விரல் கிடையாது. இங்கே வருவதற்கு முன்னால் வேறு எங்கோ தகடு அழுத்தும் பிரஸ்ஸில் வேலை பார்த்தபோது போய்விட்டது. அதைப் பற்றி அவன் பேசமாட்டான், நான் கேட்டதுமில்லை. மாதம் ஒரு தடவை பஸ்ஸில் பையிலிருந்து ஊசி நூலை எடுத்து எதையோ தைத்துக்கொண்டு வருவான். நான் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவேன்.

ஹெலன் எடுத்த படத்தில் ஜன்னல் கம்பியும் ஏழு கிளவுசும்தான். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தது. துணிக்குள் வெளிச்சம் ஊறி, ஒவ்வொன்றும் உள்ளே கை இருப்பது போலவே உப்பி நின்றது. ஒன்று பாதி மூடிய கை, ஒன்று எதையோ கேட்கிற கை, ஒன்று களைத்துத் தொங்குகிற கை. ஒரு விரல் நுனியில் விழப்போகிற தண்ணீர்ச் சொட்டு ஒன்று அப்படியே நின்றது.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. கூட்டம் கலைந்தபின் தனியாகப் போய் மறுபடி நின்றேன். அந்த ஜன்னலில் நான் பதினெட்டு வருஷமாகக் கை கழுவுகிறேன். தினமும் அந்த வெளிச்சம் அங்கேயேதான் வந்திருக்கும். என் கிளவுசும் அங்கேதான் தொங்கியிருக்கும். எனக்குத் தெரியாதது நேற்று வந்த பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது? எனக்கு வரவேண்டியதை யாரோ கை நீட்டி வாங்கிக்கொண்டு போனமாதிரி ஒரு ஆத்திரம் வந்தது. அதோடு சேர்ந்தே ஒரு யோசனையும் வந்தது.

இதுதான் சுவர்.

போர்டில் பஸ் டைம் பார்ப்பது போல ஒரு நாளைக்கு ஐந்து தடவை போய் நின்றேன். பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு வந்து, மூடிகளோடு வரும் ரீவொர்க் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் துண்டு துண்டாக வரைந்தேன். நாலு நாளில் ஏழு கிளவுசும் வந்துவிட்டது. வீட்டில் பெரிய தாளில் சேர்த்து வரையும்போது என் கை சும்மா இருக்குமா? ஒன்றில் ஆயில் கறை இருந்தது, எடுத்துவிட்டேன். ஒன்று கோணலாகத் தொங்கியது, நேராக்கினேன். மூன்றாவது கிளவுசில் சுண்டு விரல் இருக்க வேண்டிய இடம் உள்ளே மடங்கிச் சுருங்கிக் கிடந்தது. பிழிந்த சுருக்கம் என்று நினைத்து, அழகாக நீட்டி, நுனியில் அந்தத் தண்ணீர்ச் சொட்டையும் அங்கேயே வைத்தேன். படத்தைவிட நன்றாக வந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. செண்பகம்கூட, "இது பரவால்ல, கொக்கு இல்ல" என்றாள்.

சரவணகுமார் சார் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு பாக்கியராஜ். இது ஹெலன் போட்டோவாச்சே?"

"இன்ஸ்பிரேஷன் சார். நோட்டீசுலயே போட்டிருக்கீங்களே."

"ஹெலனுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்" என்றேன். கண்ணைச் சிமிட்டாமல் சொன்னேன்.

சுவர் எனக்குக் கிடைத்துவிட்டது. ஒன்பது நாள் என்னை டேபிளிலிருந்து விடுவித்து, ஏணியும் பெயிண்டும் கொடுத்தார்கள். ஒவ்வொரு கிளவுசும் மூன்றடி உயரம். மணிக்கட்டில் இருந்த கலர் நூலைக்கூட விடாமல் போட்டேன். சாப்பிட வருகிறவர்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கீழே நின்று பார்ப்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஹெலன் முதல் நாளே பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று நான் ஏணியில் நின்றபடி முதுகால் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆறாவது நாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, அந்த மூணாவது கிளவுஸு, சுண்டு வெரலு..."

"இன்னா அதுக்கு? போட்டோல மடங்கிக் கெடந்துச்சு. நேரா நீட்டி வுட்டேன்" என்றேன். "ஒனக்கு எங்க போனாலும் ஒரு அம்பு ஒட்டணும் இல்ல?"

"மடங்கிக் கெடந்துச்சா" என்றாள். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு மட்டும் எனக்கு நன்றாகச் சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேனேஜர் வந்து ரிப்பன் வெட்டினார். கேசரி கொடுத்தார்கள். வலது மூலையில் 'ஓவியம்: பாக்கியராஜ்' என்று நான் கறுப்பு பெயிண்டில் எழுதியிருந்ததை எல்லாரும் பார்க்கும்படி தள்ளி நின்றேன். கைதட்டி முடிந்ததும் ஆட்கள் சுவரருகே போய் அவரவர் கிளவுசைத் தேட ஆரம்பித்தார்கள்.

"பச்ச நூலு என்னுது."

"அந்த செவப்பு என்னுது மச்சான். இன்னா சுத்தமா கீது பாரு, என் கைல அப்டி இருந்ததே இல்ல."

மோல்டிங்கில் வேலை செய்யும் எட்வர்ட் மூன்றாவது கிளவுசின் கீழே நின்றான். "மஞ்ச நூலு. இது சடையண்ணாது" என்றான். அப்புறம் விரலை நீட்டி எண்ணினான். "இதுல அஞ்சு வெரலு கீதே."

எல்லாரும் சடையப்பன் பக்கம் திரும்பினார்கள். அவன் கேசரித் தட்டை இடது கையில் பிடித்திருந்தான். நாலு விரல்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது சுருக்கம் இல்லை. சும்மா தொங்குகிற கிளவுஸ் விரல் மெஷினில் மாட்டிக்கொள்ளும் என்று, அவன் அந்த விரலை உள்ளே மடித்துத் தைத்திருக்கிறான். மாதாமாதம் பஸ்ஸில் என் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தது அதைத்தான். ஹெலன் அதற்காகத்தான் அந்தப் படத்தையே எடுத்திருக்கிறாள். நான் அதைப் பிசிறு என்று நினைத்துத் தேய்த்துச் சரி பண்ணிவிட்டேன். ஏணி மேலிருந்து விழுந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அப்போது மேரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வரைஞ்சாவது வெரல குட்த்துட்டாம்பா பாக்கியராஜு" என்றாள்.

ஒருவர் கைதட்டினார், உடனே எல்லாரும் தட்டினார்கள். முதல் தடவையைவிட இது பெரிய கைதட்டல். மேனேஜர் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் வேறு மாதிரி பேசியது.

"பதினோரு வருஷமா பக்கத்துல ஒக்காந்துகினு கீறேன். அவனுக்கு இதுகூட செய்ய மாட்டனா?"

சொல்லும்போதே என் கண் ஹெலனைத் தேடியது. சுவரோரமாகக் கேமராவை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மடங்கிக் கிடந்தது என்று நான் சொன்னது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் காலி. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"ஹெலன், ஒரு போட்டோ எடும்மா" என்றார் சரவணகுமார் சார். "சடையப்பன், நீங்க சுவத்துகிட்ட நில்லுங்க."

சடையப்பன் தட்டை வைத்துவிட்டு, கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டு போய் நின்றான். எல்லாரும் சிரி, சிரி என்றார்கள். ஹெலன் உடனே எடுக்கவில்லை. கேமராவை இறக்கி வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் அலுத்துப்போய் அவரவர் பேச்சுக்குத் திரும்பினார்கள். அப்போது சடையப்பன் தானாக ஒருமுறை திரும்பி, இடது கையைத் தூக்கி, நான் வரைந்த அந்தச் சுண்டு விரலை மெல்லத் தொட்டுப் பார்த்தான். அவள் அப்போதுதான் எடுத்தாள்.

திங்கள்கிழமை அந்தப் படம் போர்டில் இருந்தது.

ஆளே தெரியவில்லை, கைதான் தெரிந்தது. நாலு விரல் உள்ள ஒரு கை, காய்ப்புக் காய்த்த கை, பெரிதாக வரைந்த ஒரு விரலை, ஈரமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்ட மாதிரி தொடுகிறது. அவ்வளவுதான் படம். மொத்த கேன்டீனும் அதன் முன்னால்தான் நின்றது. என் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஒன்பது நாள் ஏணியில் நின்ற என் இருபத்திரண்டு அடி சுவர் அவள் படத்தில் பின்னால் ஒரு மூலை. வலது பக்கத்தில் நான் எழுதிய பெயர் படத்துக்குள் வரவே இல்லை. நிரந்தரமாம்.

அன்று சாப்பிட உட்கார்ந்தேன், முடியவில்லை. எழுந்து ஹெலனைத் தேடிப் போனேன்.

"நீ ஏன் சொல்லல?" என்றேன்.

"எத்தண்ணா?"

"எல்லாந்தான். ஒன் படம்னு. அப்புறம் அந்த வெரலு."

"படத்த சொல்லணும்னுதான் இருந்தேன். கோவமாத்தான் இருந்துச்சு" என்றாள். "வெரல சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். சடையண்ணா மூஞ்சப் பாத்தேன். அவரு சந்தோஷமா நிக்கறாரு. அதுல போய் நா அம்பு ஒட்டணுமா?"

படம் எடுக்கத் தெரிந்த அவளுக்கு இதுவும் தெரிந்திருக்கிறது. எனக்கு அதற்கும் பொறாமையாக இருந்தது.

மாலை பஸ்ஸில் சடையப்பன் எப்போதும் போல நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தான். கவரைப்பேட்டை தாண்டியதும் சொல்லிவிட்டேன்.

"சடையா, அந்த வெரலு... நா ஒனக்காகப் போடல. நா பாக்கவே இல்லடா. மடங்கிக் கீதுன்னு நென்ச்சிகினேன்."

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும் நைனா" என்றான்.

"இன்னா தெரியும்?"

"நீ என்னிக்கு என் கையப் பாத்த? பதினோரு வருஷத்துல ஒரு தபா? டீ குட்த்தா கிளாஸப் பாப்ப, அரம் குட்த்தா அரத்தப் பாப்ப. மூஞ்சியப் பாப்ப. கையப் பாக்க மாட்ட. எனக்கு சங்கடமாயிடும்னு வேணும்னே பாக்கமாட்டறன்னு மொதல்ல நென்ச்சிகினேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, நீ எதயுமே பாக்கறதில்லன்னு." சிரித்தான். கோபமே இல்லாமல் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அப்புறம் எதுக்கு எல்லாரும் கைதட்டும்போது சும்மா நின்ன?"

"நல்லா இருந்துச்சு" என்றான். "அஞ்சு வெரலும் இருந்தா நல்லாத்தான் கீது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

"நாளைக்கு அந்த வெரல அழிச்சிடட்டா?" என்று கேட்டேன்.

"வுடு நைனா. சொவத்துலயாவது இருந்துட்டுப் போவட்டும்."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஏணியைப் போட்டேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'ஓவியம்: பாக்கியராஜ்' என்பதற்கு மேலே ஒரு வரி சேர்த்தேன். 'பார்த்தது: ஹெலன்.' படம் எடுத்தது என்று எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் பட்டன் அமுக்குவது யாருக்கும் வரும் என்று சொன்னவன் நான்தானே. அதனால் பார்த்தது என்றே எழுதினேன். அவள் பெயரை என் பெயருக்கு மேலே எழுதக் கை லேசில் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சரவணகுமார் சாரிடமும் போய், ஹெலனுக்குத் தெரியும் என்று சொன்னது பொய் என்று ஒத்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, போங்க" என்றார். இந்த வருஷம் பாதுகாப்பு வாரத்து போஸ்டரை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஒன்றாம் தேதி புது கிளவுஸ் கொடுத்தார்கள். மாலை பஸ்ஸில் சடையப்பன் பையிலிருந்து ஊசி நூலை எடுத்தான். நான் தூங்கவில்லை. பையிலிருந்த ரீவொர்க் அட்டையைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். கிளவுசை வலது முழங்காலில் போட்டு, காலியான அந்த விரலைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளுகிறான். இடது கையின் நாலு விரலாலும் துணியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் தைக்கிறான். பஸ் குலுங்கும்போது ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான். குலுக்கல் நின்றதும் மறுபடி குத்துகிறான். கடைசியில் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். நான் எதையும் நேராக்காமல், கோணலைக் கோணலாகவே வரைந்தேன். சோழவரம் வரும்போது முடிந்திருந்தது.

ஹெலன் இதைப் பார்த்திருக்க வழியில்லை. அவள் ரயிலில் போகிறவள். இது நான் பார்த்தது, நான் மட்டும் பார்த்தது.

அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அவளிடம் இன்னும் காட்டவில்லை. காட்டினால் மறுநாளே ரயிலை விட்டுவிட்டு எங்கள் பஸ்ஸில் ஏறி, இதையும் என்னைவிட நன்றாக எடுத்துவிடுவாள்.